அப்பாவும் எதிர்வண்டி சாரும்

நம் வயதுக்காரர்களுக்கு மீட்டர் கேஜ் வண்டியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மரப்பலகை இருக்கை, ஜன்னலில் கம்பி, ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒன்று காத்திருந்து வழிவிட வேண்டும். கிராசிங் என்போம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலை பாசஞ்சருக்கும், விழுப்புரத்திலிருந்து வரும் பாசஞ்சருக்கும் பேரணி ஸ்டேஷனில் கிராசிங். சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேதான். எண்பதுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டில், எங்கள் வீட்டு விவகாரங்களில் பாதி அந்தக் கிராசிங்கில்தான் பேசி முடிக்கப்பட்டது.

அப்பா கணக்கு வாத்தியார். திருவாமாத்தூர் தாண்டி ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் வேலை. வீடு திண்டிவனத்தில். அம்மா திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாங்கள் குடியிருந்தது மாமாவின், அதாவது அம்மாவின் அண்ணன் வீட்டுப் பின்கட்டு. மாமாவுக்கு மல்லாட்டை மண்டி இருந்தது; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பருவத்தில் எங்கள் தலைமுடி, துணி, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் மல்லாட்டைத் தோலின் மண்வாசனை ஏறியிருக்கும்.

அப்பா பொழுது விடியும் முன் கிளம்பி ரயிலேறுவார். விழுப்புரம் ஸ்டேஷனில் மாதக் கட்டணத்தில் நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளை எடுத்து மிதித்துப் பள்ளிக்கூடம் போவார். அவருடைய காக்கிப் பையில் இருந்தவற்றை இப்போதும் வரிசையாகச் சொல்வேன்: டிபன் டப்பா, கரும்பலகைக்கான பெரிய மரக் காம்பஸ், சொந்தக் காசில் வாங்கிய கலர் சாக்பீஸ், பஞ்சர் ஒட்டும் பசை, சீசன் டிக்கெட், திருத்தாத விடைத்தாள் ஒரு கட்டு, திருத்திய விடைத்தாள் ஒரு கட்டு. இரண்டு கட்டும் கலந்துவிடாமல் இருக்க ஒன்றுக்குச் சிவப்பு நூல், மற்றதற்குப் பச்சை. நான் இன்று ஒரு மின்நிலையத்தின் கேபிள்களுக்கு நிறம் குறிக்கும் வேலை செய்கிறேன் என்றால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

அவர் திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். நான் விழித்திருப்பேன். ஒன்றாம் வகுப்பு படித்த தம்பி தூங்கிப் போயிருப்பான்.

எதிர்வண்டி சாரை அப்பா கண்டுபிடித்ததே ஒரு வேடிக்கை. கிராசிங்கில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதிர் ஜன்னலில் தினமும் ஓர் ஆள் மடியில் பரீட்சைத் தாள் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பார். ஒரு நாள் அப்பா கம்பி வழியாகக் குரல் கொடுத்தாராம்.

"சார், நீங்க எந்த ஸ்கூலு?"

"திண்டிவனம். கணக்கு. நீங்க?"

"நானும் கணக்குதான். விழுப்புரம் பக்கத்துல. உங்க ஊடு?"

"விழுப்புரத்துல."

"என் ஊடு திண்டிவனத்துல!"

அப்பா இருந்த பெட்டியில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரும் ரயில்காரனுக்கு அழுவுறீங்க? எறங்கி மாறி ஏறிக்கினு அவங்கவங்க ஊட்டுக்குப் போங்களேன்!" பெட்டியே சிரித்தது. அன்று இரவு அப்பா இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "அந்தம்மா சொன்னதுல இன்னா தப்பு?" என்று கேட்டார்.

அப்படித்தான் மனமொத்த மாறுதலுக்கு மனுப் போட்டார்கள். ஆசிரியர் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். ஒரே பாடம், ஒரே பதவியில் இருக்கும் இரண்டு பேர் ஒருவர் இடத்துக்கு ஒருவர் போகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கேட்பது. காலியிடம் வேண்டியதில்லை, சிபாரிசும் பெரிதாக வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: இருவர் மேலும் எந்த ஒழுங்கு நடவடிக்கையும் இருக்கக் கூடாது. பொங்கல் முடிந்ததும் உத்தரவு வந்துவிடும் என்றார்கள். தம்பி மாமா வீட்டுக் காலண்டரில் பொங்கல் பக்கத்தை மடக்கி வைத்தான்.

உத்தரவு வரும்வரை சும்மா இருக்க அந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மேலிடம் மாற்றுவதற்கு முன்பே அவர்கள் தங்கள் வீட்டுக் கடமைகளை மாற்றிக்கொண்டார்கள். எதிர்வண்டி சார் பள்ளி விட்டதும், ரயிலுக்கு முன் கிடைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா வீட்டில் இருந்தாலும் உள்ளே வரமாட்டார். வாசலில் ஒயர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் கணக்கு நோட்டைப் பார்ப்பார், தம்பிக்குப் பென்சில் சீவித் தருவார், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் போடுகிறார்கள் என்றால் கேனைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பார். அதே நேரத்தில் அப்பா விழுப்புரத்தில் அந்த சார் வீட்டு வாசலில் நிற்பார். அவர் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். முன்பு இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. உடம்பில் ரத்தம் குறைவு. அப்பா டானிக் வாங்கிக் கொடுப்பார், ஆஸ்பத்திரிச் சீட்டு எடுத்து வருவார்.

இதில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. சாயங்கால கிராசிங்கில் இருவரும் ஜன்னல் வழியாக அன்றைய சேதிகளைப் பரிமாறிக்கொள்வார்கள். ஆகையால் அப்பா வீட்டுப் படியேறும்போதே எங்கள் வண்டவாளம் அவருக்குத் தெரிந்திருக்கும். சமூக அறிவியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் செருப்பைக் கழற்றியபடியே, "அக்பர் பாட்டனாரு பேரு கூடவா மறந்துபோச்சு?" என்பார். போன் வைத்திருந்த வீடுகளுக்குக்கூடச் சேதி அவ்வளவு ஜல்தியாகப் போனதில்லை.

ஜன்னல் கம்பி வழியாகச் சேதி மட்டும் போகவில்லை. முருங்கைக்காய் போனது, கம்பிக்குள் நுழைகிற காய் அதுதான். அம்மா சுருட்டிக் கொடுத்த அதிரசப் பொட்டலம் போனது. அங்கிருந்து மருந்துச் சீட்டு வந்தது, பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள் வந்தது, ஒரு முறை தம்பிக்கு ஒரு பம்பரம் வந்தது. வண்டி நகரத் தொடங்கிய பிறகும் இரண்டு கைகள் நீண்டுகொண்டே இருக்கும் என்று கார்டு கத்துவாராம்.

ஊர் சும்மா இருக்குமா? ஆபரேட்டர் அம்மா வீட்டுக்குத் தினமும் சாயங்காலம் ஒருவர் வந்து போகிறார் என்று மண்டிக்குப் பேச்சுப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா விறுவிறுவென்று பின்கட்டுக்கு வந்தார். எங்களை அவர் தாங்கிய தாங்கலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குக் குரலை அடக்கத் தெரியாது.

"மாப்ள, யாரு அந்த ஆளு? நாளும் கெழமையும் இல்லாம வாசல்ல குந்திக்கினு? நாலு பேரு நாலு விதமா பேசுறான். எனக்கு பேஜாரா போச்சு."

அப்பா தம்பிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியை நிறுத்தவில்லை. "பேசுறவங்கள்ல யாருனா ஒருத்தரு மண்ணெண்ணெய் க்யூவுல நிப்பாரா, கேளுங்க மச்சான். நின்னா அந்த சாரை வரவேணாம்னு சொல்லிடுறேன்."

"அது இல்ல மாப்ள..."

"நானும்தான் அவரு ஊட்டு வாசல்ல போய் நிக்கிறேன். அங்கியும் நாலு பேரு இருப்பாங்க இல்ல? அவரு என்னை நம்புறாரு. நான் அவரை நம்புறேன். இதுல மூணாவது ஆளுக்கு இன்னா வேலை?"

மாமா முணுமுணுத்தபடி போய்விட்டார். அன்று சாயங்காலம் மண்டியிலிருந்து ஒரு மரக்கால் வேகவைத்த மல்லாட்டை வந்தது. அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

மார்கழியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார்: பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்க ஓர் ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அலைய முடியாது. எதிர்வண்டி சாரின் ரத்தம் சேரவில்லை. சொந்தத்தில் வந்து பார்த்தவர்களுடையதும் சேரவில்லை. அப்பாவுடையது சேர்ந்தது. "நீங்க கவலப்படாதீங்க சார், நான் இருக்கேன்" என்று பேரணியில் ஜன்னல் வழியாகவே வாக்குக் கொடுத்தார்.

பொங்கல் போனது. உத்தரவு கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று தகவல் வந்தது. அந்த நேரத்தில் அப்பாவின் பள்ளிக்கு ஆண்டாய்வு அறிவித்தார்கள். அந்தப் பள்ளி நடுநிலையிலிருந்து உயர்ந்து முதல் முறையாகப் பத்தாம் வகுப்பு நடத்திய ஆண்டு அது. பிள்ளைகள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். அவர்கள் திரும்பி வந்ததும் விட்டுப்போன பாடத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடத்துவார் அப்பா. தன் டிபனை வகுப்பு நடத்திக்கொண்டே சாப்பிடுவார். ஆய்வுக்கு முந்தைய வாரம் கரியும் கோவை இலைச் சாறும் அரைத்து மாணவர்களோடு சேர்ந்து கரும்பலகைக்குப் பூசினார். விரல் இடுக்கில் பச்சையும் கருப்பும் கலந்த கறையோடு வீட்டுக்கு வந்தார். அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஆய்வு அன்று நடந்ததைப் பிற்பாடு மூன்று பேரிடம் கேட்டுச் சேர்த்துச் சொல்கிறேன்.

முற்பகலில் அம்மாவின் போர்டில் விழுப்புரத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எதிர்வண்டி சாரின் பக்கத்து வீட்டுப் பெண். வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, ரத்தம் போகிறது, அவரிடம் சொல்லுங்கள் என்று அழுதார். அம்மா எக்ஸ்சேஞ்ச் பியூனை எதிர்வண்டி சாரின் பள்ளிக்கு ஓட வைத்தார். ஆனால் அடுத்த ரயிலோ பஸ்ஸோ பிடித்து அவர் போய்ச் சேர நேரமாகும். அவர் போனாலும் அவர் ரத்தம் உதவாது. அப்பாவின் பள்ளியில் போன் இல்லை. கிராமத்துத் தபாலாபீசில் ஒன்று இருந்தது. அம்மா அந்த லைனைப் பிடித்தார்.

"சார், ஸ்கூல்ல கணக்கு சார்கிட்ட உடனே சொல்லணும். ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

நான் பெரியவளான பிறகு அம்மாவிடம் கேட்டேன். "இன்ஸ்பெக்‌ஷன்னு தெரிஞ்சேவாம்மா சொல்லி அனுப்புன?"

"தெரியாம இன்னா? காலையில நான்தான இஸ்திரி போட்ட சட்டைய எடுத்துக் குடுத்தேன். அதுக்குன்னு? அவரு பாடம் முடிச்சிட்டு வரட்டும்னு ரத்தம் நிக்குமா?"

தபால்காரர் சைக்கிளில் போய் வகுப்பு வாசலில் நின்றபோது அப்பா வட்டத்தின் தொடுகோட்டுத் தேற்றத்தை நடத்திக்கொண்டிருந்தார். பின்னால் நாற்காலியில் ஆய்வு அதிகாரி, பக்கத்தில் தலைமை ஆசிரியர். சேதியைக் கேட்டதும் அப்பா சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "சார், நான் அவசரமா விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும். பர்மிஷன் குடுக்கணும்" என்றார்.

"யாருக்கு? உங்க சம்சாரத்துக்கா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. ஒரு நண்பர் சம்சாரம். பிரசவம். ரத்தம் குடுக்கணும்."

"உங்களுக்கு அவங்க இன்னா உறவு?"

அப்பா யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"அவரு எதிர்வண்டியில வர்றவருங்க."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தன்னைக் கேலி செய்வதாக அதிகாரிக்குப் பட்டது. பாடம் முடியாமல் போகக் கூடாது என்றார். அப்பா பிள்ளைகளைப் பார்த்து, "வரைஞ்சாச்சு. பாக்கிய நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்காக அந்த வகுப்பு செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து போய் அதே சாக்பீஸை எடுத்துத் தேற்றத்தைக் கடைசி வரி வரை போட்டு முடித்தாள். இன்று அவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. "பின்னால ஆபீசரு உக்காந்திருந்தாரு. ஆனா சார் சொல்லிட்டுப் போனாரே" என்று என்னிடம் சொன்னார்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. தாய்க்கு அப்பாவின் ரத்தம் ஏறியது. எதிர்வண்டி சார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. ஆய்வின்போது அனுமதியின்றி வகுப்பை விட்டு வெளியேறியது, மேலதிகாரியிடம் அலட்சியமாகப் பேசியது, இரண்டுக்கும் விளக்கம் தரவேண்டும். அந்த மெமோ முடியும்வரை மாறுதல் உத்தரவில் கையெழுத்து விழாது.

ஞாயிற்றுக்கிழமை தலைமை ஆசிரியர் எங்கள் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர். அப்பா ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று எங்களைப் போலவே விரும்பியவர். மாமாவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு வரி சார்" என்றார் தலைமை ஆசிரியர். "அந்தம்மா உங்களுக்குத் தங்கச்சி முறைன்னு எழுதிக் குடுங்க. கூடப் பொறந்தவளுக்கு ஆபத்துன்னு ஓடினேன், பதட்டத்துல ஏதோ பேசிட்டேன், மன்னிக்கணும். அவ்ளோதான். நான் சிபாரிசு பண்ணி ஃபைலை மூடிடுறேன்."

"எழுதிப் போடு மாப்ள" என்றார் மாமா. "ரத்தம் குடுத்துக்கீற. இனிமே அது தங்கச்சி இல்லாம இன்னா?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். எழுதிவிடுங்கள் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"மன்னிப்பு எழுதுறேன் சார். அவரு மனசு நொந்திருந்தா அது என் தப்பு. தங்கச்சின்னு எழுத மாட்டேன்."

"ஏன் சார்?"

"தங்கச்சின்னா ஓடலாம், இல்லன்னா பாடத்த முடிச்சிட்டுப் போவலாம்னு ஆயிடும். அன்னிக்கி அம்பது புள்ளைங்க பாத்துக்கினு இருந்துச்சுங்க. யாருக்குன்னு நான் ஓடினேன்னு அதுங்களுக்குத் தெரியும்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "பொண்டாட்டி புள்ளைங்கள வுட்டுட்டு ரயில்லயே குடித்தனம் பண்ணு!" என்று எழுந்து போனார். அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன்.

கண்டிப்போடு மெமோ முடிந்தது. மாறுதல் மனு திருப்பி அனுப்பப்பட்டது. அப்பா அதோடு நிற்கவில்லை. விழுப்புரம் டவுனில் வேலை பார்த்த, திண்டிவனம் வர விரும்பிய இன்னொரு கணக்கு ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடித்தார். அவருடைய சம்மதக் கடிதத்தை வாங்கி ஒரு நாள் காலை கிராசிங்கில் எதிர் ஜன்னலுக்குள் நீட்டினார்.

எதிர்வண்டி சார் அதைப் படித்துவிட்டுச் சிவந்துபோனாராம். "இன்னா சார் இது? உங்கள வுட்டுட்டு நான் மட்டும் போறதா?"

"கைக்கொழந்த சார். நீங்க போவணும்."

"மாட்டேன் சார்."

"நான் குடுத்த ரத்தம் அங்க தனியா கெடந்து கொழந்தையத் தூக்க முடியாம தவிக்குது. போங்க சார்."

வண்டி நகர்ந்தது. கடிதம் எதிர்வண்டி சாரின் கையில் இருந்தது. பங்குனியில் அவர் விழுப்புரத்துக்கு மாறிப் போனார். போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்து, முதல் முறையாக உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிடும்போது அழுதார். தம்பி அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அப்பா பேரணியில் எதிர் ஜன்னலைப் பார்க்காமல் பேப்பர் படித்தார் என்று கீரைக்கார அம்மாள் சொன்னதாகக் கேள்வி.

சித்திரையில், பரீட்சை விடுமுறையில், அம்மா ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து ஒரு பழுப்பு உறையை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னா இது?"

"ஆர்டரு. விழுப்புரம் எக்ஸ்சேஞ்சுக்கு. ரெண்டு எடம் காலியா கெடந்துது. எழுதிப் போட்டேன், குடுத்துட்டாங்க."

அப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். "உங்க அண்ணன் ஊட்ட வுட்டுட்டு நீ வருவியா? அதக் கேக்கக் கூடாதுன்னுதான நான் இத்தினி வருஷம்..."

"நீங்க கேக்கவே இல்லியே. உங்களுக்கு இந்த ஊருக்கு வரணும்னு ஆசன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்." அம்மா சட்டியிலிருந்து குழம்பை ஊற்றினார். "அந்த ஸ்கூல வுட்டுட்டு நீங்க எதுக்கு வரணும்? நாங்க வர்றோம். சாப்பிடுங்க."

இதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. மாமா, தலைமை ஆசிரியர், இரண்டு கணக்கு வாத்தியார்கள், இத்தனை பேர் பல மாதம் தலையை உடைத்துக்கொண்டார்கள். இடம் மாற வேண்டியவர் அப்பாதான் என்று எல்லோருமே முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள். அந்த முதல் வரியைச் சரிபார்த்தவர் அம்மா ஒருவர்தான். என் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு இதைப் பெயர் சொல்லாமல் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

ஜூனில் விழுப்புரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். மாமா தன் மண்டி லாரியிலேயே சாமான்களை ஏற்றி அனுப்பினார். அனுப்பும்வரை திட்டிக்கொண்டே கட்டினார். பத்தாம் வகுப்பு முடிவு அதற்குள் வந்திருந்தது. அப்பாவின் பிள்ளைகளில் கணக்கில் தோற்றவர் யாருமில்லை.

பள்ளி திறந்த முதல் நாள். நான்கரை மணி இருக்கும். தெருவில் வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி அலறியபடி ஓடி வந்தான்.

"அம்மா! அப்பாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சு! சீக்கிரம் வா!"

அம்மா கையில் மாவோடு ஓடினார். நானும் ஓடினேன். அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். சட்டை கசங்கியிருந்தது, முகத்தில் வியர்வை, மற்றபடி ஒன்றுமில்லை.

"இன்னாடா ஆச்சு எனக்கு?"

தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். "வெயில்லியே வந்துட்டியே."

அம்மா திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா குனிந்து அவனைத் தூக்கிச் சைக்கிள் பாரில் உட்கார வைத்தார்.

"ஸ்கூலு வுட்டாச்சு. வந்துட்டேன்" என்றார். "நாளைக்கும் வருவேன்."